பயந்துகொண்டே போன கோமதி டீச்சர்

ஞாயிற்றுக்கிழமை காலை, கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் தலைமையாசிரியர் ஒரே வரிதான் போட்டிருந்தார். சமூக அறிவியல் ஆசிரியை கோமதி சேலம் மருத்துவமனையில் மாரடைப்பால் காலமானார் என்று. அதற்குக் கீழே கும்பிட்ட கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை மாலை என் ஸ்கூட்டரில் ஏறிவந்து, எடப்பாடி பேருந்து நிலையத்தில் இறங்கி, "ஞாயித்துக்கெழம பாக்கலாங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனவர்.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. இனி மலர் வீட்டுக்கு யார் போவது என்பதே என் மனதில் எழுந்த முதல் கேள்வி. அழுகை அதற்குப் பிறகு, மாவை வழித்துக்கொண்டிருந்தபோது வந்தது.

மலர் என்பது அந்தப் பெண்ணின் உண்மையான பெயர் இல்லை. இதை எழுதவே எனக்கு நடுக்கமாக இருக்கிறது. அதனால் பெயரை மாற்றியிருக்கிறேன், ஊரின் பெயரையும் சொல்லப்போவதில்லை. எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். படிப்பை நிறுத்தி அவளைத் தாய்மாமனுக்குக் கட்டிவைக்க வீட்டில் எல்லாம் பேசி முடித்திருந்தார்கள். இரண்டு வருடமாக அது நடக்காமல் பார்த்துக்கொண்டவர் கோமதி டீச்சர்.

அவரை அறிந்த உங்களில் பலர் இரங்கல் கூட்டத்தில் பேசினீர்கள். துணிச்சல்காரர், யாருக்கும் அஞ்சாதவர் என்றீர்கள். ஆசிரியர் அறையில் பல வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் என்ற உரிமையில் ஒன்றைச் சொல்கிறேன். அவரைப்போலப் பயந்த மனுஷியை நான் பார்த்ததில்லை. நான் தமிழ் நடத்துகிறவள், பயப்படுவதில் எனக்கும் நல்ல தேர்ச்சி உண்டு. ஆனால் அவர் என்னையும் மிஞ்சியவர். யாராவது பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள் என்று தெரிந்தால் அவருடைய உள்ளங்கை சில்லிட்டுப் போகும். "வாசுகி டீச்சர், வயித்தக் கலக்குது" என்று பாத்ரூமுக்கு ஓடுவார். கணவர் திருச்செங்கோட்டுக்காரர், ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் மேலாளர், வருடத்தில் பாதி வடநாட்டில்தான் இருப்பார். மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். வீட்டில் ஆம்பளை இருப்பதுபோலத் தெரியட்டும் என்று வாசலில் கணவரின் பழைய செருப்பை எப்போதும் போட்டு வைத்திருப்பார். வாரம் ஒருமுறை அதை இடம் மாற்றியும் வைப்பார்.

இவ்வளவு பயமிருந்தும் ஏன் இதற்கெல்லாம் போகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னார்: "பயம் போவட்டும்னு காத்திருந்தா நாம ரிட்டையர்டு ஆயிருவோமுங்க. அதையும் கூட்டிட்டே போலாம்."

ஒன்பதாம் வகுப்பில் பாலினச் சமத்துவம் பற்றி ஒரு பாடம் அவர் பொறுப்பில் இருந்தது. அதை எப்படி நடத்துவது வழக்கம் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். ஒரு பிள்ளை எழுந்து வாசிக்கும், மற்றவர்கள் கோடு போடுவார்கள், இரண்டு மதிப்பெண் கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். கோமதி டீச்சர் புத்தகத்தை மூடச் சொன்னார். "நம்ம ஸ்கூல்ல வகுப்பக் கூட்டறது யாரு?" என்று கேட்டார். பிள்ளைகள் சேர்ந்தாற்போல, "பொண்ணுங்க டீச்சர்" என்றார்கள். மணி அடிப்பது யார், மைக் செட் கட்டுவது யார், குடியரசு நாளுக்குக் கோலம் போடுவது யார் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, "இத யாரு முடிவு பண்ணுனது?" என்று நிறுத்தினார். யாருக்கும் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியாது. அடுத்த வாரத்திலிருந்து பையன்களும் துடைப்பத்தைப் பிடித்தார்கள், ஒரு பெண் மணி அடித்தாள்.

ஒரு பையனின் அப்பா வண்டியை நேராக மரத்தடிவரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஆசிரியர் அறை வாசலில் நின்று, "ஏனுங்க, எம்பையனக் கூட்டிப் பெருக்கறதுக்குங்களா பள்ளிக்கோடம் அனுப்பிச்சேன்?" என்றார். கோமதி டீச்சர் எழுந்திருக்கவில்லை. "குப்ப போட்டவங்கள்ல உங்க பையனும் ஒருத்தன்தானுங்க" என்று அமைதியாகச் சொன்னார். அந்த மனிதர் ஏதோ முனகிவிட்டுப் போனார். எவ்வளவு நிதானம் என்று மற்ற ஆசிரியர்கள் வியந்தார்கள். மேஜைக்கு அடியில் அவருடைய முழங்கால் என் முழங்காலில் இடித்துக்கொண்டே இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் எழுந்திருக்காததற்குக் காரணம், எழுந்தால் நிற்க முடியாது என்பதுதான்.

அந்த வருட ஆண்டு விழாவில் சந்தனமும் கல்கண்டும் வைத்த தட்டை ஏந்திக்கொண்டு வாசலில் இரண்டு பையன்கள் நின்றார்கள். பாவாடை தாவணி கட்டிய பெண்களைத் தேடிய சிறப்பு விருந்தினர், எந்தத் தட்டில் கைவைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் விழித்தார். கூட்டத்தில் சிரித்தார்கள். பையன்களுக்கும் சிரிப்புத்தான். எல்லாம் வேடிக்கையாக முடிந்தது என்று நினைத்தோம். திங்கட்கிழமை காலை பள்ளிச் சுவரில் அவரைப் பற்றிக் கரியால் அசிங்கமாக எழுதியிருந்தது. பிள்ளைகள் வருவதற்குள் ஈரத்துணியால் அவரே துடைத்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு துணியை எடுத்தேன். "வெளியாளு எழுதியிருந்தாப் பரவால்லீங்க. இந்தக் கையெழுத்த நான் பரீட்சப் பேப்பர்ல பாத்திருக்கறேன். அதான் பயமா இருக்குது" என்றார். யாருடைய கையெழுத்து என்று கடைசிவரை சொல்லவில்லை. கோபத்தைக் காட்டாமல் அந்தப் பையனை அடுத்த பாடவேளையிலேயே அழைத்து உலக வரைபடத்தை மாட்டச் சொல்லியிருக்கலாம், மதிப்பெண் போடும்போது கை தாராளமாகக்கூட ஆகியிருக்கலாம். எனக்குத் தெரியாது.

இனி மலர் விஷயத்துக்கு வருகிறேன். அவள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது பெரியவளானாள். சாலை முக்கில் அவள் படம் போட்ட பேனர் கட்டினார்கள், மண்டபம் பிடித்து சீர் வைத்தார்கள். பள்ளியிலிருந்து எல்லோரும் போனோம். வெள்ளிக் கொலுசு வாங்கிக்கொண்டு போனோம், அதை மேடையில் கொடுத்தவர் கோமதி டீச்சர். மலருக்குப் பக்கத்தில் கழுத்தில் மாலையோடு தாய்மாமன் நின்றான். முப்பது வயதைத் தொடுகிற ஆள், சொந்தமாகத் தறிப்பட்டறை வைத்திருக்கிறான். அவளுக்கு மோதிரம் போட்டான். சீர் என்றால் தாய்மாமன்தானே முன்னால் நிற்பான், மாலையும் நகையும் அவன்தானே போடுவான். எங்களுக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. புகைப்படக்காரர் கூப்பிட, கோமதி டீச்சர் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சிரித்துக்கொண்டே நின்றார்.

பந்தியில் உட்கார்ந்திருந்தபோது மலரின் பெரியம்மா எங்களை விசாரித்துக்கொண்டே வந்தார். "நல்லாச் சாப்பிடுங்க டீச்சர். அடுத்த வருசம் வைகாசியிலயும் இதே மண்டபந்தானுங்க, மறக்காம வந்துரோணும்."

"என்ன விசேசமுங்க?" என்று கேட்டார் கோமதி டீச்சர்.

"காத்தாலயே ஊட்ல உப்புச்சக்கர மாத்தியாச்சுங்களே. பத்தாவது பரீட்ச முடிஞ்சொடனே மாமனுக்கே கட்டிப்போடலாம்னு."

எங்கள் பக்கத்தில் உப்புச் சர்க்கரை மாற்றிவிட்டால் நிச்சயம் முடிந்தது என்று அர்த்தம். மேடையில் நாங்கள் பார்த்தது சீர் மட்டும் இல்லை, கொலுசு கொடுத்து வாழ்த்தியதும் சீருக்கு மட்டும் இல்லை. கோமதி டீச்சர் எழுந்து கைகழுவும் இடத்துக்குப் போனார். பின்னால் போய்ப் பார்த்தேன். குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். "நானே போயி நடுவுல நின்னு போட்டோ எடுத்துட்டு வந்திருக்கறேன் பாருங்க" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அவள், "எனக்குப் படிக்கோணும் டீச்சர், மாமனப் பாத்தா பயமா இருக்குது" என்றாள். குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்கு கோமதி டீச்சரே பேசினார். அதிகாரிகள் வந்தார்கள், பதினெட்டு வயதுக்கு முன்னால் கல்யாணம் செய்வதில்லை என்று வீட்டாரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். யார் சொன்னது என்று அதிகாரிகள் வாய் திறக்கவில்லை. ஆனால் ஊருக்கு அது ஒரே நாளில் தெரிந்துவிட்டது. "உங்களுக்கு எதுக்குங்க டீச்சர் வேண்டாத வேல? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா நான் என்னங்க பண்றது?" என்று தலைமையாசிரியர் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் பயம்.

மாமன் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. தினமும் மாலை பள்ளி விடும் நேரத்தில் கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் பைக்கை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். கோமதி டீச்சர் வெளியே வந்தால் எழுந்து நின்று கும்பிடுவான். "வாங்க டீச்சர், ஒரு டீ சாப்புட்டுப் போலாமுங்க" என்பான். அவன் கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் இருந்திருக்காது. அந்த 'ங்க' கேட்கும்போதெல்லாம் பையில் ஸ்கூட்டர் சாவியைத் தேடத் தொடங்கிவிடுவேன். கோமதி டீச்சர் தனியாகப் பேருந்துக்கு நடப்பதை நிறுத்தினார். என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, என் புடவைத் தலைப்பை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வருவார்.

எழுதிக் கொடுத்ததோடு முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்தோம், அவர் நினைக்கவில்லை. மே மாத விடுமுறையில் வேறு மாவட்டத்துக் கோயில் ஒன்றில் தாலி கட்டிவிட்டு வந்துவிட்டால் அந்தக் காகிதம் என்ன செய்யும் என்றார். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். பட்டப்பகலில், ஊர் பார்க்க, ஞாயிற்றுக்கிழமை தோறும் மலர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போவது. ஒரு சீப்பு வாழைப்பழமோ கொஞ்சம் கொய்யாவோ எடுத்துக்கொள்வார். துணைக்கு என்னையும் கூட்டிப்போவார், வண்டி ஓட்டுகிறவள் நான்தானே. அந்த வீட்டில் கதவை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும், அதில் உட்காருவார். கல்யாணப் பேச்சை எடுக்கவே மாட்டார். மழை, தறி நூல் விலை, ஜேடர்பாளையம் அணையில் தண்ணீர் எவ்வளவு என்று பேசுவார். மலரின் அம்மா டீ கொடுப்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார். கோமதி டீச்சர் மலரைக் கூப்பிட்டு, "என்ன சாமி படிச்ச இந்த வாரம்?" என்று கேட்பார். அவள் சொல்வாள். பிறகு கிளம்பிவிடுவோம்.

"இதுல என்னங்க பிரயோசனம்?" என்று ஒருமுறை கேட்டேன். "அவங்க கண்ணுல பட்டுட்டே இருக்கோணும். ஒரு வாரம் புள்ள ஊட்ல இல்லீனா எனக்குத் தெரிஞ்சு போயிரும்னு அவங்களுக்குத் தெரியோணும். அதுக்கு மேல நம்மால என்னங்க முடியும்?" என்றார். ஒவ்வொரு முறையும் அந்தத் தெருமுனையில் வண்டியை நிறுத்தச் சொல்வார். இறங்கி, முகத்தைத் துடைத்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் ஏறுவார். மலர் பத்தாவது பரீட்சை எழுதினாள். அந்த வைகாசியில் அந்த மண்டபத்தில் வேறு யாருக்கோ கல்யாணம் நடந்தது. மலர் பிளஸ் ஒன்னில் சேர்ந்தாள், நர்ஸிங் படிக்க வேண்டும் என்கிறாள். அப்படித்தான் ஞாயிறுகள் போய்க்கொண்டிருந்தன, அவர் இறந்த ஞாயிறு வரைக்கும்.

இழவு வீட்டில் ஐஸ் பெட்டிக்குள் அவரைப் பார்த்தேன். கணவர் சத்தீஸ்கரிலிருந்து வந்து சேரவேண்டும் என்று காத்திருந்தார்கள். பழைய மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மதியத்துக்குமேல் மலரின் மாமன் வந்தான், பெரிய ரோஜா மாலையோடு. மாலையைச் சாத்தினான், கும்பிட்டான், கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டான். அது நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். நேராக என்னிடம் வந்தான்.

"நல்ல மனுசிங்க" என்றான். "அவிய மொகத்துக்காகத்தானுங்க நாங்களும் பொறுத்துட்டு இருந்தோம். நீங்களும் பாவம், வாராவாரம் வண்டிய எடுத்துட்டு வாரீங்க. இனிமே சிரமப்பட வேண்டியதில்லீங்க டீச்சர்."

தலையை ஆட்டினேனா இல்லையா என்றுகூட நினைவில்லை. அவன் மறுபடி கும்பிட்டுவிட்டுப் போனான். அந்த வாரம் முழுக்க மலர் பள்ளிக்கு வருகிறாளா என்று ஒவ்வொரு நாளும் காலை வழிபாட்டு வரிசையில் தேடினேன். வந்தாள். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கேள்வி இருந்தது. எனக்கு அவளைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. என் வீட்டுக்காரர், "நீ எதுக்கு இதுல மாட்டிக்கற? அதிகாரிங்க பாத்துக்குவாங்க" என்றார். எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. சனிக்கிழமை இரவு போவதில்லை என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை கொய்யாப்பழம் வாங்கினேன். எப்போது மனம் மாறியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தெருமுனையில் என்னை நிறுத்தச் சொல்லப் பின்னால் யாரும் இல்லை, நானே நிறுத்தினேன். திரும்பிவிடலாம் என்று வண்டியைக் கொஞ்சம் ஒடித்துக்கூடப் பார்த்தேன். பிறகு போனேன். மாமன் முற்றத்தில் நூல் மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். "வாங்க டீச்சர்" என்றான். பார்த்துக்கொண்டே நின்றான். நான் போய் உட்கார்ந்தேன். மழை வரும்போலிருக்கிறதா என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. மலர் வந்து, கேட்காமலேயே, அந்த வாரம் உயிரியலில் என்ன நடத்தினார்கள் என்று சத்தமாகச் சொன்னாள். அவள் அம்மா டீ கொடுத்தார்.

கிளம்பும்போது மலரின் அம்மா வண்டிவரைக்கும் கூட வந்தார். இத்தனை ஞாயிறுகளில் அப்படி வந்ததில்லை. இரண்டு வருடமாக அந்த அம்மாவின் மௌனத்தை நாங்கள் சம்மதம் என்றுதான் எண்ணியிருந்தோம், கூடப்பிறந்த தம்பி ஆயிற்றே. என் பையில் கறிவேப்பிலையைத் திணிப்பதுபோலக் குனிந்தார். உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, உதடு அசையாமல் பேசினார்.

"நீங்களும் வரமாட்டீங்கன்னு நெனச்சேனுங்க. எந்தம்பிய எதுத்து எனக்கு ஒரு வார்த்த பேச வராதுங்க டீச்சர். நீங்க வந்து உக்காந்துட்டுப் போற ரண்டு நாளைக்குத்தான் நான் நல்லாத் தூங்கறது. வாரத்துல ஒருக்காப் பத்தாதுங்க. நடுவுலயும் ஒருநா வாங்க."

கோமதி டீச்சரை அறிந்தவர்களே, அவருடைய புத்தகங்கள் பள்ளி நூலகத்துக்குப் போகின்றன, படம் ஆசிரியர் அறையில் மாட்டப்படும். எனக்கு அவரிடமிருந்து வந்து சேர்ந்தது அந்தக் கதவோரத்து நாற்காலி. அதில் உட்கார எனக்குத் துணிச்சல் இல்லை. இனி புதன்கிழமையும் போகிறேன்.